பெரிசின் வால்வும் சிறுசின் வால்வும்

அக்காள் தங்கை இருவரில் மூத்தவளை அப்பா பெரிசு என்று கூப்பிட்டார், இளையவளைச் சிறுசு என்று. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. சிறுசுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது, காதோரமெல்லாம் நரை. ஆனாலும் ஊரிலிருந்து போன் வந்தால், "என்ன சிறுசு, எப்படி இருக்கே?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போனவள் அவள். கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை. வட்டமாக வரும் லென்ஸை எந்திரத்தில் மாட்டி, ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்தெடுத்து, ஓரத்தின் கூர்மையை மழுக்க வேண்டும். பிறகு ஃபிரேமைச் சூடான காற்றில் காட்டி இளக்கி, லென்ஸைக் கட்டை விரலால் அழுத்தினால் 'டக்' என்று போய் உட்காரும். எந்திரத்துக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பதால் மதியத்துக்குள் அவள் சட்டைக் கையெல்லாம் நனைந்துவிடும். முன்பக்கம் வாடிக்கையாளர்கள் கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பின்னறையில் அவளும் எந்திரமும்தான்.

பெரிசு ஊரிலேயே இருந்தாள். கோர்ட்டுக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை. கணவர் இறந்த பிறகு அதை விற்றுவிடச் சொன்னவர்களையெல்லாம், "நீங்க வந்து எனக்குச் சோறு போடுவீங்களா?" என்று ஒரே கேள்வியில் வாயடைத்தவள். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அவளுக்குப் பயப்படுவார்கள். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அக்காவும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் உங்க ஊரா எங்க ஊரா என்பதில்தான் போய் நிற்கும். ரோடு, பஸ், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பெரிசு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியை மட்டும் விடவில்லை. சிறுசு ஒருமுறை காய்ச்சலில் படுத்து, டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து அது பெரிசின் கையில் கிடைத்த ஆயுதமாகிவிட்டது.

"அதுக்குள்ள அந்தக் காய்ச்சலே போரடிச்சு வேற ஆளைப் பார்த்துப் போயிடும்டி. இங்க தெருமுனையில மூணு டாக்டர். எவன் கிட்ட கூட்டம் கம்மியோ அவன்கிட்ட போவேன்."

"கூட்டம் கம்மியா இருக்கிற டாக்டர்கிட்ட எதுக்குக்கா போறே?"

"உங்க ஊர் மாதிரி டாக்டரே இல்லாம இருக்கிறதுக்கு அது மேல்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, பெரிசுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும்வரை.

கோர்ட் மாடிப்படியில் பேப்பர்க் கட்டோடு ஏறியவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மகள் அன்றே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனாள். காலையில் போனவளுக்கு மத்தியானத்துக்குள் ரத்தம், ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாகிவிட்டது. டாக்டரின் அறைக்குள் ஒரே சமயத்தில் மூன்று குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. பெரிசின் இதயத்தைத் திரையில் ஓடவிட்டு டாக்டர் விளக்கியபோது, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அடப் பாவமே" என்றாராம். பெரிசு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் ஒரு வால்வு உண்டு. எல்லாருக்கும் அதில் மூன்று இதழ்கள் இருக்கும். பெரிசுக்குப் பிறவியிலேயே இரண்டுதான். இத்தனை வருஷம் இரண்டை வைத்துக்கொண்டு சமாளித்த வால்வு இப்போது இறுகி, சரியாகத் திறக்க மறுத்தது. "மாத்திடலாம். அடுத்த வாரம் வந்துடுங்க" என்றார் டாக்டர். எந்த வால்வு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உலோக வால்வு என்பது பொருத்திய பிறகுதான் தெரியும். ஆபரேஷன் நடந்த அன்று ரத்தம் கொடுக்கக் குமாஸ்தாக்கள் கும்பலாக வந்தார்கள். கணக்கு டீச்சர் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே மருந்துக்கடைக்கும் மேலே ஐசியூ வாசலுக்குமாக நாள் முழுக்க ஓடினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு, இன்னொன்றையும் சொன்னார். "கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் ஒரு எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. இது குடும்பத்துல வரும்."

சிறுசு தன் பகுதி டாக்டரிடம் போனாள். இளம்பெண். ஸ்டெதாஸ்கோப்பைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, "நெஞ்சுல வைக்கலாமா?" என்று அவர்கள் மொழியில் அனுமதி கேட்டாள். அப்படி யாரும் கேட்டுச் சிறுசுக்குப் பழக்கமில்லை. வெகுநேரம் கேட்டுவிட்டு, ஏதோ ஒரு கூடுதல் சத்தம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்குத் தேதி வந்தது. அப்போது மரங்களில் இலை நிறைய இருந்தது. எக்கோவுக்குப் போன அன்று ஒரு மரத்திலும் இலையில்லை.

எக்கோ எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். "என்னங்க தெரியுது?" என்று கேட்டால், "டாக்டர் சொல்வாங்க" என்றாள். டாக்டர் சொல்வதற்கு இன்னொரு தேதி. ஆனால் அந்தத் தேதியில் போனபோது அறைக்குள் அவளும் கணவனும் டாக்டரும் மட்டும். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அவளுக்கும் இரண்டு இதழ்தான். இறுக ஆரம்பித்திருக்கிறது, ஆனால் வெட்டிப் பார்க்கும் அளவுக்கு இல்லை. "கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன கேள்வி இருந்தாலும் கேளுங்க, அவசரமில்லை" என்று காத்திருந்தார். கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவு நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கணவன்தான் கார் நிறுத்துமிடத்தை எப்போது மூடுவார்கள் என்று கேட்டு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெரிசு பிடித்துக்கொண்டாள். "கவனிச்சுக்கிட்டே இருக்க அது என்ன அடுப்புல வச்ச பாலா? பொங்கினா ஓடி வந்து இறக்குவாங்களா?"

"அவசரமில்லைன்னு சொல்றாங்கக்கா."

"அவங்களுக்கு அவசரமில்லைடி. நீ பேசாம டிக்கெட் போட்டு இங்க வா. ஒரே வாரம். என்னைப் பாரு, நடு நெஞ்சுல கடிகாரம் ஓடுது. கடைக்கு வர்ற வக்கீலெல்லாம் எங்க டிக் டிக்குன்னு சத்தம் வருதுன்னு சுவத்தைப் பார்க்கிறான்."

போகலாமா என்று சிறுசு யோசித்தாள். கணவனும் தடை சொல்லவில்லை. ஆனால் வேலையில் விடுப்பு, ஆபரேஷனுக்கான செலவு, திரும்பி வந்தால் இங்கே யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆயிற்று. அவளால் இன்னும் மாடி ஏற முடிந்தது. பால் இன்னும் பொங்கவில்லை.

பெரிசு கோர்ட் படிகளில் மறுபடியும் ஏறினாள், மூச்சு வாங்காமல். குரல்கூட முன்னைவிடக் கணீரென்று இருந்தது. உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், அவ்வப்போது ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். முதல் வருஷம் ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு கடையில் ஆளில்லை, லேபில் கூட்டம் என்று தள்ளிப்போட்டாள். ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கேட்கவில்லை. அங்கே அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. வந்தவர்களைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

அப்புறம் கடைவாய்ப்பல் வலித்தது. பல் டாக்டர், மாத்திரையை நிறுத்தினால்தான் பிடுங்க முடியும் என்று நிறுத்தச் சொன்னார். பல்லைப் பிடுங்கிவிட்டு, "மறுபடி எப்போ ஆரம்பிக்கணும்னு உங்க ஹார்ட் டாக்டரைக் கேட்டுக்குங்கம்மா" என்றார். பெரிசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது, பிறகு லைன் கட் ஆனது. மறுபடி போட்டாள், மறுபடியும் பாட்டு. வெளியே நகலுக்கு ஆள் நின்றது. நாளைக்கு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். நாளை என்பது கோர்ட் திறந்த வாரத்தில் விழுந்து, அடுத்த வாரத்துக்குப் போனது. மகள் கேட்டபோது, "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான்டி இருக்கேன். ஈறுல ரத்தம் வர்றதும் நின்னு போச்சு" என்றாள்.

ஒரு காலை நேரம், கடையில் காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவளின் வலது கையிலிருந்து காகிதங்கள் நழுவின. குனிந்து பொறுக்கப் போனவளுக்குக் கை வரவில்லை. என்னம்மா ஆச்சு என்று கேட்ட குமாஸ்தாவுக்கு அவள் சொன்ன பதில் வார்த்தையாக இல்லை. அவர்தான் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்கேன் பழுது. அடுத்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருந்தது, அதைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் இன்னும் வரவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, ஆம்புலன்ஸ் பிடித்து, ஆபரேஷன் செய்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது சாயங்காலமாகிவிட்டது. வால்விலிருந்து கட்டி ஒன்று புறப்பட்டுப்போய் மூளையில் அடைத்திருக்கிறது என்றார்கள். அந்த நேரத்துக்கு அங்கே இருந்த ஒரு டாக்டர், டீச்சரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, "நீ என்னம்மா பண்ணுவே, முடிஞ்சதைச் செஞ்சிட்டே" என்றார். அந்த வாரக் கடைசியில் பெரிசு இறந்துபோனாள்.

செய்தி சொல்லப் போன் வந்தபோது சிறுசு லென்ஸ் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தை நடுவில் நிறுத்தினால் லென்ஸ் வீணாகிவிடும் என்பதால் போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையே வைத்தபடி அது முடியும்வரை நின்றாள். "சித்தி, கேக்குதா? சித்தி?" என்று கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள். "கேக்குதும்மா" என்றாள் சிறுசு.

உடனே கிளம்ப வேண்டும் என்று கணவன் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். ஆனால் கொஞ்ச காலமாகவே சிறுசுக்குக் கடையிலிருந்து பஸ் நிறுத்தம்வரை நடப்பதற்குள் மூச்சு முட்டியது. போன மாதம் எக்கோ எடுத்துவிட்டு ஆபரேஷனுக்குப் பதிந்திருந்தார்கள். இதயப் பிரிவு நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். நர்ஸ் முதலில் மன்னிப்புக் கேட்டாள், வருத்தம் சொன்னாள், டாக்டரைக் கேட்டுவிட்டு அன்றே திரும்பக் கூப்பிட்டாள். விமானத்தில் போகக் கூடாது என்பதுதான் பதில். அதையும் மிகவும் அன்பாகச் சொன்னாள்.

ஆக, அக்காவை எடுத்துப் போவதைச் சிறுசு போனில் பார்த்தாள். லென்ஸ் தட்டுகளை ஒதுக்கிவிட்டுப் போனை ஃபிரேம் பெட்டிமேல் சாய்த்து வைத்தாள். பக்கத்துக் கடைக்காரன் யாரோ அங்கே கையைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தின் தலைகள், ஒரு மின்விசிறி, கதவின் மேல்பாதி தெரிந்தன. அக்காவின் முகம் கொஞ்சம் வந்தது, பிறகு யாரோ குறுக்கே நின்றார்கள். படம் அசையாமல் உறைந்து, திரும்ப ஓடியபோது வாசல் காலியாக இருந்தது. அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள், வரவில்லை. முன்பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, அந்தப் பச்சை ஃபிரேம் தயாரா, ஆள் காத்திருக்கிறார் என்றாள். தயார் என்று எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா மகன் சொன்னான், "உங்க ஊரா இருந்தா பொழைச்சிருப்பா." சித்தப்பா சொன்னார், "இங்க எல்லாம் காசு பார்க்கிற ஆஸ்பத்திரிம்மா, நீயாவது தப்பிச்சே." எல்லாருக்கும் அவள், "ஆமா" என்றாள். இங்கே கடையில் முன்பக்கப் பெண் பரிதாபமாக, "உங்க நாட்டுல நல்ல டாக்டருங்க இல்லையா?" என்று கேட்டாள். "இருக்காங்க" என்றாள். எதிர்த்துப் பேச வேண்டிய ஆள் இல்லாமல் அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். உலோக வால்வா, மிருகத் திசுவில் செய்ததா, நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். உலோகம் வெகுகாலம் உழைக்கும், ஆனால் ஆயுளுக்கும் மாத்திரை. திசு வால்வுக்கு அந்த மாத்திரை ஆயுளுக்கும் தேவையில்லை, ஆனால் தேய்ந்துபோனால் இன்னொரு ஆபரேஷன். ஒரு மாதிரியை மேஜைமேல் வைத்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?"

"ரெண்டுமே சரிதான். உங்க வாழ்க்கை, உங்க விருப்பம்."

வெளியே வந்ததும் கணவன் பொருமினான். "நான் பிரேக் மாத்தும்போது டிரைவரைக் கூப்பிட்டு எந்த பிரேக் வேணும்னா கேக்கறேன்?" வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். "திசுன்னே சொல்லிடலாம்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வார்டு கண்ணாடிபோல் துடைத்திருந்தது. சீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் மருந்துக்கு ஓடவில்லை, யாரும் ரத்தம் கொடுக்க வரவில்லை. பார்வை நேரம் முடிந்ததும் கணவனைப் பணிவாக வெளியே அனுப்பினார்கள். மணிக்கொருதரம் நர்ஸ் வந்து, வலி சைபரிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டாள். சிறுசு ஒவ்வொரு முறையும் இரண்டு என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நடுவில் எப்போதும் திரை இழுத்திருந்தது. அடப் பாவமே என்று எட்டிப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆஸ்பத்திரி அவளை விடவில்லை. வாரா வாரம் ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். தையல் காய்ந்ததா, காய்ச்சல் உண்டா, எவ்வளவு தூரம் நடக்கிறாய், தூக்கம் எப்படி. ஒருநாள் அவள் எடுக்க மறந்தபோது, அன்று மதியமே மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லையே என்று பயந்துவிட்டேன் என்றாள்.

"மனசு எப்படி இருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். "சோகமா இருக்கா? யார்கிட்டயாவது பேசணும்னு தோணுதா? இங்க அதுக்கு ஆள் இருக்காங்க."

"இல்ல. நல்லா இருக்கேன்."

அது பொய்யில்லை. சோகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஃபிரேமைச் சூட்டில் காட்ட மறந்தால் லென்ஸ் போகாது, எவ்வளவு அழுத்தினாலும் வெளியே வழுக்கிக்கொண்டு நிற்கும். யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் காலையிலேயே குளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் கணக்கு டீச்சர் கூப்பிட்டாள். ஜெராக்ஸ் கடையை வாடகைக்கு விட்டதைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றாள். பேச்சு தீர்ந்தது.

"சித்தி, ஒண்ணு கேக்கவா? அம்மா உங்க ஊர்ல இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பாங்களா?"

சிறுசு ஈரக் கையைத் துடைத்தாள். "மாத்திரையை நிறுத்தினா அன்னைக்கே போன் பண்ணி ஏன்னு கேட்டிருப்பாங்க. அது நிஜம். ஆனா அவளுக்கு முதல்ல முடியாம வந்தது பாரு, அந்த நிலைமையில இங்க வரிசையில நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியல. உங்க ஊர்ல ஒரே வாரத்துல காப்பாத்தினாங்க. அதுவும் நிஜம். நான் ரெண்டையும் யோசிச்சுப் பார்த்துட்டேன்மா. விடை வரல."

"எனக்கும் வரல சித்தி."

"நீ எக்கோ எடுத்தியா?"

"இல்ல. எங்க சித்தி நேரம்..."

"குடும்பத்துல வரும்னு உங்கம்மாகிட்டதான் சொன்னாங்க. இங்கயா இருந்தா உனக்கு ஆறு மாசம் ஆகும். அங்க நடந்து போனா எடுத்துடலாம். இன்னைக்கே போ. பரீட்சைத் தாளை அப்புறம் திருத்து."

அக்கா மகளிடம் அவள் அப்படி அதட்டிப் பேசியதே இல்லை. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "சரி சித்தி, இப்பவே போறேன்" என்றாள்.

சிறுசு வேலையைத் தொடர்ந்தாள். கடை மூடுவதற்குள் போன் அடித்தது. டீச்சர் மூச்சிரைக்கப் பேசினாள், பின்னால் ஹாரன் சத்தம்.

"எடுத்தாச்சு சித்தி. திரையை என் பக்கமே திருப்பிக் காட்டினாங்க. மூணு இருக்காம். மூணும் நல்லா திறந்து மூடுதாம்."

"நல்லது" என்றாள் சிறுசு.

"சித்தி, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான்மா. நீ பார்த்து வீட்டுக்குப் போ. சாப்பிட்டுப் படு."

போனை வைத்தாள். சந்தோஷம்தானா என்று தனக்குள்ளே கொஞ்சம் தேடிப் பார்த்தாள். அது வரட்டும், மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டு, எந்திரத்தின் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவத் தொடங்கினாள். அடியில் வெள்ளைச் சேறாகப் படிந்திருந்த லென்ஸ் தூளைச் சுரண்டி எடுத்துப் பையில் கட்டினாள். கணவன் டிப்போவிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். விளக்கை அணைத்துவிட்டுப் பையோடு வெளியே போனாள்.